பழைய வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு: ஆப்ஷன் பணம் கொடுக்குமுன் எதையெல்லாம் பார்ப்பது?

#1 · ஈசூன்_கதிர்

எல்லாருக்கும் வணக்கம். நானும் மனைவியும் ஈசூனில் ஒரு நான்கறை மறுவிற்பனை வீட்டைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறோம். 1980களின் நடுவில் கட்டிய புளோக், எட்டாவது மாடி. அம்மா இருப்பது இரண்டு புளோக் தள்ளி. கோயில், மார்க்கெட் எல்லாம் பக்கம். வீடு மனதுக்குப் பிடித்துப்போனதால்தான் அவசரப்பட்டுவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது.

மற்ற அறைகளில் பெயின்ட் மங்கிக் கிடக்கிறது. சமையலறை சீலிங் மட்டும் பளிச்சென்று புது வெள்ளை. குளியலறை இரண்டிலும் ஃபால்ஸ் சீலிங். விற்பவரின் ஏஜெண்ட், "நாளைக்கு இன்னும் இரண்டு குடும்பம் பார்க்க வருது, இன்றைக்கே ஆயிரம் வெள்ளி (டாலர்) ஆப்ஷன், அதாவது வீட்டை நிறுத்திவைக்கும் முன்பணம், கொடுத்தால் வீடு உங்களுக்கு" என்கிறார்.

பணம் கொடுத்துச் சோதிப்பவர் யாரையாவது கூட்டிப்போக வேண்டுமா, அல்லது நாமே பார்த்தால் போதுமா? சாவி வாங்கிய பிறகு ஏதாவது ஒழுகினால் பொறுப்பு யாருடையது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 · மலர்_தெம்பனிஸ்

சமையலறைக்கு மட்டும் புது வெள்ளையா? முதலில் அதற்குக் காரணம் கேளுங்கள். நல்ல காரணமாகவும் இருக்கலாம். கேட்காமல் இன்று இரவு பணம் கொடுக்காதீர்கள்.

#3 · பத்திர_உதவியாளர்

கதிர், நான் சொத்துப் பரிமாற்றம் பார்க்கும் வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். மற்றதெல்லாம் அதைப் பொறுத்துத்தான்.

மறுவிற்பனை வீடு "இருக்கிற நிலையில் இருக்கிறபடி" கைமாறுகிறது. புது வீட்டுக்கு உள்ள ஓராண்டுக் குறைதீர்ப்புக் காலம் இதற்குக் கிடையாது. சாவி வாங்கிய மறுநாளே சீலிங் சொட்டினாலும், விற்றவர் வந்து சரிசெய்து தர வேண்டும் என்ற கட்டாயம் பொதுவாக இல்லை. அப்போது வீடு உங்களுடையது, சொட்டும் உங்களுடையது.

ஆனால் பொய் சொல்லி விற்கலாம் என்று அதற்கு அர்த்தமில்லை. "இந்த வீட்டில் கசிவு, ஸ்பாலிங் (சீலிங் கான்கிரீட் உதிர்வது) ஏதாவது இருந்ததா? எப்போது சரிசெய்தீர்கள்?" என்று நீங்கள் நேரடியாகக் கேட்டு, இல்லவே இல்லை என்று அவர் பதில் தந்து, பிறகு அது பொய்யென்று தெரியவந்தால், தவறான தகவல் கொடுத்து ஒப்பந்தம் செய்ய வைத்ததாகச் சட்டப்படி வழக்காட இடமுண்டு. கேட்காமலே விட்டுவிட்டால் பிடித்துக்கொள்ள உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. ஆகவே வாய்ப்பேச்சோடு நிறுத்தாமல் ஏஜெண்டுக்கு வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள். அவர் விற்பவரிடம் கேட்டு எழுத்தில் பதில் தரட்டும். ஏஜெண்ட் சொத்து முகவர் மன்றத்தில் பதிவு பெற்றவரா என்பதையும் மன்றத்தின் இணையப் பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம். தெரிந்தே தவறான தகவல் தருவது அவருடைய நடத்தை விதிகளுக்கே எதிரானது.

இனி பணம். வீவக மறுவிற்பனையில் ஆப்ஷன் தொகை 1 வெள்ளியிலிருந்து 1,000 வெள்ளி வரை இருக்கலாம். கொடுத்த நாளிலிருந்து 21 நாள் அந்த வீடு உங்களுக்காக நிறுத்திவைக்கப்படும், அதற்குள் விற்பவர் வேறு யாருக்கும் ஆப்ஷன் கொடுக்கக் கூடாது. 21ஆம் நாள் மாலை 4 மணிக்குக் காலாவதி. வாங்குவது உறுதியானால் அடுத்த தொகையைக் கட்டி ஆப்ஷனை நிறைவேற்றுவீர்கள். இரண்டும் சேர்ந்து 5,000 வெள்ளியைத் தாண்டக் கூடாது. வேண்டாம் என்று விட்டுவிட்டால் முதலில் கொடுத்த தொகை மட்டும் போகும். நிறைவேற்றிய பிறகு பின்வாங்கினால் அது ஒப்பந்த மீறல், நிலைமையே வேறு.

பலர் அந்த 21 நாளை வங்கிக் கடிதத்துக்குக் காத்திருக்கும் நேரமாக மட்டும் நினைக்கிறார்கள். வீட்டைச் சோதிக்க உங்களுக்குக் கிடைக்கிற கடைசிச் சந்தர்ப்பம் அதுதான். ஆனால் வீடு இன்னும் விற்பவருடையது, கதவைத் திறந்துவிட வேண்டியவர் அவர். ஆகவே ஆப்ஷன் கொடுக்குமுன்பே, "இடையில் ஒருநாள் ஆளோடு வந்து பார்க்கலாமா?" என்று கேட்டு ஒத்துக்கொள்ள வையுங்கள். இன்னொன்று, வீவக வகுத்த படிவத்தில்தான் ஆப்ஷன் எழுதப்படும். "கசிவைச் சரிசெய்து தந்தால்தான் வாங்குவேன்" என்று சொந்த நிபந்தனைகளைச் செருகும் இடமல்ல அது. விலைப் பேச்சு, பழுதுபார்ப்புப் பேச்சு எல்லாம் கையெழுத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

"மதிப்பீடு வருமே, அப்போது தெரிந்துவிடுமே" என்று எங்கள் அலுவலகத்தில் அடிக்கடி கேட்பார்கள். தெரியாது. மதிப்பீடு சொல்வது சந்தை விலையை. விற்பனையின்போது வீவக கவனிப்பது அனுமதியில்லாமல் சுவர் உடைத்திருக்கிறார்களா போன்ற மாற்றங்களை. மேல்வீட்டுத் தண்ணீர் உங்கள் தலையில் சொட்டுமா என்பதை நீங்கள்தான் பார்த்தாக வேண்டும்.

#4 · கம்பியும்_சிமிட்டியும்

தம்பி கதிர், ரெனோவேஷன் வேலையில் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது எனக்கு. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

அந்தக் காலத்து வீட்டுக்குள் நுழைந்ததும் நான் தரையைப் பார்ப்பதில்லை, தலைக்கு மேலேதான் பார்ப்பேன். கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பி இருக்கிறது. கான்கிரீட்டின் காரத்தன்மை அந்தக் கம்பியைக் காத்துக்கொண்டிருக்கும். வருஷக்கணக்கில் ஈரமும் காற்றிலுள்ள கரியமில வாயுவும் உள்ளே இறங்க இறங்க அந்தப் பாதுகாப்பு தேய்ந்துவிடும். கம்பி துருப்பிடிக்கும். துரு ஏறிய கம்பி பருக்கும், பருத்து அடியில் இருக்கிற கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். இதைத்தான் ஸ்பாலிங் என்கிறோம். எப்போதும் ஈரமாக இருக்கிற சமையலறையிலும் குளியலறையிலும்தான் அதிகம். சில சமயம் பெரிய துண்டாகவே விழும், அடியில் ஆள் நின்றால் ஆபத்து.

விழுவதற்கு முன்பே அது அடையாளம் காட்டும். நேர்கோட்டில் ஓடும் விரிசல் (கம்பி போகிற வழியில்தான் விரிசலும் போகும்), பழுப்புக் கறை, ஓர் இடம் மட்டும் லேசாகத் தொங்குவது, பெயின்ட் குமிழ்விடுவது. உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு துடைப்பக்கட்டை நுனியால் மெல்லத் தட்டுங்கள். உறுதியான இடம் கல் மாதிரி ஒலிக்கும். பொள்ளலாக இருந்தால் சத்தம் மாறும், உங்கள் காதுக்கே தெரியும். சமையலறையில் புது வெள்ளை அடித்த சீலிங் முழுவதையும் இப்படித் தட்டிப் பாருங்கள்.

ஃபால்ஸ் சீலிங் இருந்தாலே எதையோ மறைக்கிறார்கள் என்று முடிவுகட்ட வேண்டாம். நம் பழைய வீடுகளில் மேல்வீட்டுக் குளியலறைக் கழிவுநீர்க் குழாய் நம் குளியலறை சீலிங்குக்குக் கீழேதான் தொங்கும். அதை யாரும் பார்க்க விரும்புவதில்லை, அதனால் மூடுகிறார்கள். ஆனால் மூடியதற்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும். பெரும்பாலும் ஒரு சிறு திறப்புப் பலகை வைத்திருப்பார்கள். ஏணி போட்டு, திறந்து, டார்ச் அடித்து நாலாபுறமும் போன் கேமராவில் படம் எடுங்கள். குழாய் மூட்டுகளைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் தண்ணீர் வந்துபோகிற இடம் அது. திறப்பே இல்லை, திறக்கவும் விடமாட்டேன் என்றால் நான் என் தங்கைக்கு அந்த வீட்டை வாங்கச் சொல்லமாட்டேன்.

இப்போது முக்கியமானது. உங்கள் சீலிங்கும் மேல்வீட்டுத் தரையும் ஒரே பலகைதான். வீவக கணக்கில் அந்தக் கசிவைச் சரிசெய்வது மேல்வீட்டாருக்கும் கீழ்வீட்டாருக்கும் கூட்டுப் பொறுப்பு. நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்தில் செலவில் பாதியை வீவக ஏற்கும், மீதியை இரண்டு வீடும் ஆளுக்கு 25 விழுக்காடு கட்ட வேண்டும். பணத்தைவிடப் பெரிய சிக்கல் மேல்வீட்டார் கதவு திறக்க வேண்டும் என்பதுதான். வாட்டர்ப்ரூஃபிங் செய்ய அவர்கள் குளியலறைத் தரையை உடைத்துப் புதிதாகப் போட வேண்டியிருக்கும். ஒத்துழைக்கிற குடும்பமாக இருந்தால் வேலை சீக்கிரம் முடியும், இல்லையென்றால் மாதக்கணக்கில் வாளி வைக்க வேண்டியதுதான். அதனால்தான் சொல்கிறேன், வீடு பார்க்கப் போனால் மேல்மாடிக்கும் ஏறிப்போய் ஒரு வணக்கம் சொல்லுங்கள். கீழே குடிவரப்போகிறோம், உங்கள் குளியலறை எப்போது புதுப்பித்தது என்று கேட்டால் யாரும் கடித்துவிடமாட்டார்கள். நிறைய விஷயம் அங்கேதான் தெரியும்.

நேரமும் முக்கியம். ஏஜெண்ட் கூப்பிடுகிற சனிக்கிழமை மதியம் வெயிலில் எல்லா வீடும் காய்ந்துதான் இருக்கும். சாயங்காலம் ஏழு ஏழரைக்குப் போங்கள், மேல்வீட்டில் குளிக்கிற நேரம். மழை பெய்த நாளாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. சன்னல் ஓரச் சுவர், ஏசி குழாய் வெளியே போகிற துளை, இரண்டையும் கையால் தடவிப் பாருங்கள். டிசம்பர், ஜனவரி மழையில் வெளிச்சுவர் வழியாக ஊறுகிற வீடுகள் மற்ற மாதங்களில் ஒன்றும் தெரியாமல் இருக்கும்.

குளியலறைத் தரையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். எல்லாம் தரைப்பொறிக்கு (தண்ணீர் இறங்கும் துளைக்கு) ஓட வேண்டும், மூலையில் தேங்கக் கூடாது. கதவுச் சட்டத்தின் அடிப்பாகம் உளுத்திருந்தால் தண்ணீர் வெளியே கசிகிறது. அறைகளில் டைல்ஸ் மீது நடந்து பாருங்கள். பொள்ளலான டைல்ஸ் வெயில் காய்ந்து சட்டென்று குளிர் வரும் நாளில் கிளம்பி எழும். சிங்க் அடியில் உள்ள அலமாரியைக் காலி செய்யச் சொல்லிப் பாருங்கள்.

சன்னல்: வெளிப்பக்கமாகத் திறக்கும் சன்னல்களில் பழைய அலுமினிய ரிவெட் (சட்டத்தைப் பிணைக்கும் தறையாணி) இருந்தால் துருப்பிடிக்காத எஃகு ரிவெட்டாக மாற்ற வேண்டும் என்பது 2004இலிருந்து சட்டம். மாற்றாமல் விட்டால் 5,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. சன்னல் கீழே விழுந்துவிட்டால் தண்டனை இதைவிடக் கடுமை. சாவி வாங்கிய நாளிலிருந்து அந்தப் பொறுப்பு உங்கள் தலையில். எஃகு ரிவெட் பளபளப்பாக இருக்கும், அலுமினியம் மங்கிச் சாம்பல் நிறத்தில் இருக்கும். சந்தேகமென்றால் அங்கீகாரம் பெற்ற சன்னல் ஒப்பந்தக்காரரைக் கூப்பிடுங்கள்.

மின்பெட்டி: திறந்ததும் ஆர்சிசிபி இருக்கிறதா பாருங்கள். மின்கசிவு வந்தால் நொடியில் துண்டிக்கிற கருவி அது. 1985க்கு முன் கட்டிய வீடுகளில் சிலவற்றில் இல்லாமல் இருந்தது. 2025 ஜூலை 1 முதல் எல்லா வீட்டிலும் கட்டாயம். அதில் 'டெஸ்ட்' பொத்தான் இருக்கும், உரிமையாளரையே அழுத்தச் சொல்லுங்கள், கரண்ட் போக வேண்டும். பழைய வீடுகளில் மொத்த மின்சுமை 30 ஆம்பியர்தான் இருக்கும். ஏசி, இண்டக்ஷன் அடுப்பு எல்லாம் போடுவதாக இருந்தால் அதையும் கேளுங்கள். ஒயரிங் பழசாகத் தெரிந்தால் உரிமம் பெற்ற மின்பணியாளர் பார்க்கட்டும், என்னைப் போன்ற கொத்துவேலைக்காரன் சொல்வதை நம்பாதீர்கள்.

#5 · மலர்_தெம்பனிஸ்

அண்ணே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வீட்டு மேம்பாட்டுத் திட்டம், நம் ஆள்கள் 'ஹிப்' என்று சொல்வது, அந்த புளோக்கில் முடிந்துவிட்டதா என்று கேளுங்கள். முதலில் 1986 வரை கட்டிய வீடுகளுக்கு இருந்தது, 2018இல் 1997 வரை கட்டியவற்றுக்கும் நீட்டித்தார்கள். ஸ்பாலிங் பழுது, கழிவுக்குழாய் மாற்றுவது, மின்சுமையைக் கூட்டுவது எல்லாம் அதன் அடிப்படை வேலைகளில் வரும். குடிமக்களுக்கு அந்தப் பகுதியின் செலவை அரசாங்கமே முழுதாக ஏற்கிறது. குளியலறையைப் புதுப்பிப்பது விருப்பத் தேர்வு, அதற்கு ஒரு பங்கு கட்ட வேண்டும். முடிந்துவிட்டது என்றால், அதில் குளியலறை வேலையை எடுத்துக்கொண்டார்களா, வேண்டாமென்று விட்டார்களா? இனிமேல்தான் வரப்போகிறது என்றால், இப்போதே காசைக் கொட்டிக் குளியலறை கட்டிவிடாதீர்கள்.

#6 · தோபாயோ_சாந்தி

விற்பவர்கள் பக்கத்திலிருந்தும் ஒருவர் பேச வேண்டும் என்று நினைத்து எழுதுகிறேன். நாங்கள் இப்போது தோ பாயோவில் எங்கள் மூவறை வீட்டை விற்கிறோம்.

இங்கே படிக்கிறவர்களுக்கு விற்பவர் என்றாலே மறைக்கிறவர் என்று தோன்றலாம். எங்கள் சீலிங்கில் கசிவு வந்தது உண்மை. வீவக கிளை அலுவலகத்தில் சொல்லி, மேல்வீட்டு மலாய்க்காரக் குடும்பமும் சம்மதித்து, அவர்கள் தரைக்கு வாட்டர்ப்ரூஃபிங் செய்து சரியாகிவிட்டது. பழைய கறை மட்டும் இருந்தது. பெயின்ட் அடித்துவிடலாம் என்று ஏஜெண்ட் சொன்னார். என் கணவர் சம்மதிக்கவில்லை. அந்தக் கறையை அப்படியே விட்டு, பழுதுபார்த்த ரசீதையும் தேதியையும் மேசை மேல் வைத்தோம். வருகிறவர்கள் கறையைப் பார்த்துவிட்டுக் கேட்பார்கள், ரசீதைக் காட்டுவோம், பேச்சு அங்கேயே முடியும். மூடி வைத்திருந்தால் சந்தேகம் வீடு முழுக்கப் பரவியிருக்கும்.

ஒரு புளோக்கில் எந்த இனத்தார் எத்தனை விழுக்காடு இருக்கலாம் என்று வீவக வரம்பு வைத்திருக்கிறது. எங்கள் புளோக்கில் சீனர் விகிதம் நிரம்பிவிட்டதால் சீனக் குடும்பங்களுக்கு விற்க முடியாது. வாங்கக் கூடியவர்கள் கொஞ்சம் பேர்தான், அவர்களில் பாதிப்பேர் கோயிலிலோ பிள்ளைகளின் பள்ளியிலோ பார்க்கிற முகங்கள். நாளைக்கு அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்ற கேள்வி எனக்கு விலையைவிடப் பெரியது.

விற்பவர்களுக்கு நான் சொல்வது: ரெனோவேஷன் அனுமதிக் கடிதங்களைத் தேடி எடுத்துவையுங்கள். சுவர் உடைத்திருந்தால் கேள்வி கட்டாயம் வரும், அனுமதி இல்லாத மாற்றத்தை உங்கள் செலவிலேயே திருத்த வேண்டியிருக்கும். சின்னச் சின்ன ஒழுகலை வீடு காட்டத் தொடங்குமுன் சரிசெய்துவிடுங்கள். விற்கும் எண்ணத்தை வீவக தளத்தில் பதிந்த பிறகு ஏழு நாள் கழித்துத்தான் ஆப்ஷனே கொடுக்க முடியும், அந்த வாரம் இதற்குப் போதும்.

வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எங்கள் வீட்டைப் பார்க்க வந்த ஒருவர் கேட்காமலே சாவிக்கொத்தால் டைல்ஸைத் தட்டிக் கீறிவிட்டுப் போனார். தட்டுங்கள், தாராளமாகத் தட்டுங்கள். ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தட்டுங்கள்.

#7 · விஜய்_கணக்கர்

கம்பி அண்ணன் சொன்னதை மதிக்கிறேன். ஆனால் எல்லாராலும் துடைப்பக்கட்டையால் தட்டிச் சத்தம் பிரித்துப் பார்க்க முடியாது. ஐந்து லட்சம், ஆறு லட்சம் வெள்ளி போட்டு வாங்குகிற வீட்டுக்குச் சில நூறு வெள்ளி கொடுத்துச் சோதிப்பவரைக் கூட்டிப்போவதில் என்ன தயக்கம்? ஈரமானி, வெப்பக் கேமரா எல்லாம் கொண்டுவருகிறார்கள். படத்தோடு அறிக்கை கிடைக்கிறது. விலை பேசும்போது நாம் சொல்வதைவிட அந்தக் காகிதத்துக்கு மதிப்பு அதிகம். கதிர், நீங்கள் கேட்ட முதல் கேள்விக்கு என் பதில், கட்டாயம் கூட்டிப்போங்கள்.

#8 · கம்பியும்_சிமிட்டியும்

விஜய் தம்பி, கூட்டிப்போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எதற்குக் கூட்டிப்போகிறோம் என்று தெரிந்து கூட்டிப்போக வேண்டும்.

வெப்பக் கேமரா தண்ணீரைப் பார்ப்பதில்லை, வெப்ப வித்தியாசத்தைத்தான் பார்க்கிறது. இரண்டு வாரம் மேல்வீட்டார் ஊருக்குப் போயிருந்தால் அந்த சீலிங் காய்ந்து கேமராவில் சுத்தமாகத் தெரியும். ஈரமானி பரவாயில்லை, அதுவும் ஈரம் இருக்கிற நாளில்தான் பேசும். இன்னொன்று, வீட்டுச் சோதனை செய்கிறவர்களுக்கென்று இங்கே தனி உரிமம் கிடையாது. பொறியாளர், மின்பணியாளர், பிளம்பர் இவர்களுக்குத்தான் பதிவும் உரிமமும். சோதிக்க வருகிற கம்பெனியே ரெனோவேஷனும் செய்கிறது என்றால் அறிக்கையின் நீளத்தைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். என் தொழிலைப் பற்றியே சொல்கிறேன், வேலை கிடைக்கும் என்றால் குறை நிறையக் கண்ணில் படும்.

#9 · விஜய்_கணக்கர்

சரி அண்ணே, ரெனோவேஷன் செய்யாத தனி ஆளாகப் பார்க்க வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் அம்மா தனியாக வீடு வாங்கியபோது அவரால் ஏணி ஏற முடியாது. அந்த மாதிரி ஆள்களுக்கு வேறு வழியில்லை. உங்களைப் போன்ற அண்ணன் எல்லாருக்கும் கிடைப்பதில்லையே.

#10 · நளினி_செங்காங்

தனியார் கூட்டுரிமை வீடு (காண்டோ) வாங்குபவர்களுக்காக இரண்டு வரி. மறுவிற்பனையில் வழக்கமாக விலையில் 1 விழுக்காடு ஆப்ஷன், 14 நாள்தான் அவகாசம். தொகை பெரியது, நாள் குறைவு, ஆகவே சோதனையை ஆப்ஷனுக்கு முன்னாலேயே வையுங்கள். வீவக போல் அச்சடித்த படிவம் இல்லாததால் வழக்கறிஞர் மூலம் நிபந்தனை சேர்க்க முடியும்.

மாடிகளுக்கிடையே கசிவு வந்தால், வேறு காரணம் நிரூபிக்கப்படாதவரை மேல்வீட்டிலிருந்துதான் வருகிறது என்று எடுத்துக்கொள்வதாகச் சட்டத்திலேயே இருக்கிறது. அதோடு நிர்வாகக் குழுவின் கூட்டக் குறிப்பைக் கேட்டுப் படியுங்கள். கூரை, வெளிச்சுவர், லிஃப்ட் பிரச்சினை எல்லாம் அங்கே பதிவாகியிருக்கும். சேமிப்பு நிதியில் பணம் இல்லாமல் பெரிய பழுது காத்திருந்தால், அந்தப் பங்கு சீக்கிரமே உங்களிடம் வரும்.

#11 · பொங்கோல்_அருண்

பிடிஓ வீட்டுக்கு, அதாவது வீவகவிடமிருந்து நேரடியாக வாங்கும் புது வீட்டுக்கு, சாவி வாங்கப்போகிறவர்களும் இந்த இழையைப் படிப்பார்கள். உங்களுக்கு ஓராண்டுக் குறைதீர்ப்புக் காலம் உண்டு. அதற்கு மேல் குளியலறை, சமையலறை சீலிங் கசிவுக்கும் வெளிச்சுவர் ஊறலுக்கும் 5 ஆண்டு, ஸ்பாலிங்குக்கு 10 ஆண்டு உத்தரவாதம். ரெனோவேஷன் ஆள் உள்ளே வருமுன்பே டைல்ஸ், கதவு, சன்னல், தண்ணீர் ஓட்டம் எல்லாம் பார்த்து, நிறநாடா ஒட்டி, புளோக் அருகிலுள்ள கட்டடச் சேவை நிலையத்தில் கொடுத்துவிடுங்கள். உள்ளே சுத்தியல் விழுந்த பிறகு கீறல் யாருடையது என்ற வாக்குவாதம்தான் மிஞ்சும். புது வீட்டில் முதல் மூன்று வருஷம் குளியலறைத் தரை, சுவர் டைல்ஸை உடைக்க அனுமதியில்லை, வாட்டர்ப்ரூஃபிங் கெட்டுவிடக் கூடாது என்பதற்காக.

மறுவிற்பனைக்கு வருகிற புது வீடுகளைப் பற்றி யாரும் சொல்லாத ஒன்று. உரிமையாளர் அங்கே வசித்தாக வேண்டிய குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் (பொதுவாக 5 ஆண்டு) முடிந்ததும்தான் அவை விற்பனைக்கு வருகின்றன. கசிவு உத்தரவாதமும் அந்த 5 ஆண்டுதான். ஆக, "இன்னும் புது வீடு மாதிரி" என்று விளம்பரத்தில் வருகிற வீடு உங்கள் கைக்கு வரும்போது அந்தப் பாதுகாப்பு முடிந்திருக்கும். பழைய வீட்டுக்குக் கொடுக்கிற அதே கவனத்தை அதற்கும் கொடுங்கள்.

#12 · ஈசூன்_கதிர்

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. அன்றிரவு பணம் கொடுக்கவில்லை. பத்திர உதவியாளர் சொன்னபடி கேள்விகளை எழுதி அனுப்பினோம். விற்பவர் ஒரு வயதான தமிழ் அம்மா என்பது பிறகுதான் தெரிந்தது. ஏஜெண்ட் வழியாகப் பேசாமல் அவரே போன் செய்தார். சமையலறை சீலிங்கில் ஸ்பாலிங் இருந்ததாம், ஹிப் வேலையின்போது சரிசெய்து, பிறகு வெள்ளை அடித்தார்களாம். அந்தப் பழுதுக்கான காகிதம் இருக்கிறது. நான் பயந்த இடத்தில் பிரச்சினை இல்லை.

மழை விட்ட ஒரு சாயங்காலம் ரெனோவேஷன் தெரிந்த மாமாவைக் கூட்டிக்கொண்டு போனோம். சமையலறையைத் தட்டிப் பார்த்தார், உறுதியாக இருக்கிறது. ஆனால் இரண்டாவது குளியலறையில் ஃபால்ஸ் சீலிங்கைத் திறந்து டார்ச் அடித்தால், குழாய்க்குப் பின்னால் ஒரு முழம் அளவுக்குக் கான்கிரீட் உதிர்ந்து கம்பி தெரிகிறது. அந்த அம்மாவே அதைப் பார்த்து ஆடிப்போய்விட்டார், அவருக்கே தெரியாது. ஹிப் முடிந்த பிறகு வந்தது போலிருக்கிறது. மேல்வீட்டிலும் பேசினோம், சீனத் தம்பதி, நல்ல மாதிரி. எங்கள் தரையில் பிரச்சினை என்றால் சொல்லுங்கள், கதவு திறக்கிறோம் என்றார்கள். சன்னல் ரிவெட் மாற்றியிருக்கிறது, ஆர்சிசிபி வேலை செய்கிறது.

விலையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வதாக அவர் சொல்லியிருக்கிறார். நாளை ஆப்ஷன் கொடுக்கலாம் என்று முடிவு. ஒரு விஷயம் மட்டும் கேட்க வேண்டும். மகன் வீட்டில் அறை தயாராகும்வரை, விற்பனை முடிந்த பிறகும் மூன்று மாதம் அங்கேயே தங்கிக்கொள்ளலாமா என்று கேட்கிறார். மறுக்க மனம் வரவில்லை. அதற்கு என்ன செய்ய வேண்டும்?

#13 · பத்திர_உதவியாளர்

முதலில் வீவகவிடம் கேளுங்கள். விற்பவர் அதிகபட்சம் மூன்று மாதம் வரை தங்கிக்கொள்ள வீவகவில் வழி இருக்கிறது, நீங்கள் இருவரும் ஒத்துக்கொண்டு அனுமதி வாங்க வேண்டும். ஆனால் கட்டி முடித்த வேறொரு வீட்டை வாங்க ஒப்பந்தம் செய்திருக்கிற விற்பவர்களுக்கான வழி அது. மகன் வீட்டுக்குப் போகிறவருக்குக் கிடைக்குமா என்பதை ஆப்ஷனுக்கு முன்பே உறுதிசெய்யுங்கள். அனுமதி கிடைத்தாலும் வாய்மொழியாக விட்டுவிடாதீர்கள். அந்த மூன்று மாதமும் வீடு சட்டப்படி உங்களுடையது, உள்ளே இருப்பவர் அவர். மின்சாரம், தண்ணீர்க் கட்டணம் யார், ஏசி கெட்டால் யார், எந்தத் தேதியில் காலி செய்வார் என்று எழுதிக்கொள்ளுங்கள். அவரை நம்பாததால் இல்லை, அந்த அம்மாவுக்கும் அது நிம்மதி.

விற்பனை முடிகிற நாளுக்கு முன் ஒருமுறை போய் எல்லா அறையையும் படம் எடுங்கள். அவர் காலி செய்கிற நாளில் அதே படங்களை வைத்துக்கொண்டு இன்னொரு முறை பாருங்கள். விட்டுப்போவதாகச் சொன்ன அலமாரி, ஏசி, விசிறி எல்லாம் இருக்கிறதா என்றும் அப்போதே சரிபார்த்துக்கொள்ளலாம்.

#14 · கம்பியும்_சிமிட்டியும்

அந்தக் குளியலறையில் கம்பி வெளியே தெரிகிறது என்றால் மூன்று மாதம் காத்திருக்காதீர்கள் தம்பி. வயதானவர் தினமும் அடியில் குளிக்கிறார். ஆப்ஷன் கொடுக்கிற அன்றே அந்த அம்மாவை வீவக கிளை அலுவலகத்தில் ஸ்பாலிங் என்று சொல்லிப் புகார் பதியச் சொல்லுங்கள், இப்போது உரிமையாளர் அவர்தான். பதிந்த எண்ணை நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள். உதிர்ந்ததைச் சுரண்டி, கம்பித் துருவை நீக்கி, பூச்சு அடித்து, பழுதுக்கான கலவை வைத்து மூடுவார்கள். அதுவரை அவர் முதல் குளியலறையைப் பயன்படுத்தட்டும். வேலை முடிகிற வரை அந்த ஃபால்ஸ் சீலிங்கைத் திரும்ப மூடாதீர்கள்.